எலும்பு டாக்டர்கள் சங்கத்தால் நோயாளிக்கு என்ன பயன்?

பொருநைக்கரை எழுதியது:

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். திருநெல்வேலியிலும் மதுரையிலுமாக மூன்று ஆர்த்தோ டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் ஜெல் ஊசி போட்டால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார். இன்னொருவர் எக்ஸ்ரேயைப் பார்த்த கையோடு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். மூன்றாமவர், முதலில் எடை குறையட்டும், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். மூவரும் பொறுமையாகத்தான் பேசினார்கள், யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று பேருடைய லெட்டர்பேடிலும் இந்திய ஆர்த்தோபீடிக் அசோசியேஷன் ஆயுள் உறுப்பினர் என்று போட்டிருக்கிறது.

ஒரே சங்கம், மூன்று யோசனை. அப்படியானால் அந்தச் சங்கத்தின் வேலைதான் என்ன? உறுப்பினர் என்றால் திறமைக்குச் சான்றிதழா? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் அங்கே புகார் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை ஆர்த்தோ எழுதியது:

நான் எலும்பு மருத்துவன்தான், அந்தச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினரும்கூட. அதனால் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

உறுப்பினர் என்பது திறமைச் சான்றிதழ் கிடையாது. எம்.எஸ். ஆர்த்தோ, டி.என்.பி. மாதிரி அதற்குரிய பட்டம் இருந்து, சந்தா கட்டி, ஏற்கனவே உறுப்பினராக இருப்பவர்கள் பரிந்துரைத்தால் சேர்ந்துவிடலாம். டாக்டராக வேலை பார்க்க உரிமம் தருவது மாநில மெடிக்கல் கவுன்சில், நம் ஊருக்குத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். அதற்கு மேலே தேசிய மருத்துவ ஆணையம், 2020 செப்டம்பரில் பழைய இந்திய மெடிக்கல் கவுன்சிலை (எம்.சி.ஐ.) கலைத்துவிட்டு வந்தது. மருத்துவர் நடத்தை பற்றிய புகார் என்றால் கவுன்சிலுக்குப் போக வேண்டும், நஷ்ட ஈடு என்றால் நுகர்வோர் ஆணையம். சங்கம் அதிகபட்சம் ஒருவருடைய உறுப்பினர் தகுதியைப் பறிக்கலாம், உரிமத்தில் கைவைக்க முடியாது.

சரி, பிறகு எதற்குச் சங்கம்? 1955-ல் தொடங்கியது. 1967 முதல் சொந்தமாக ஆய்விதழ் நடத்துகிறது. வருஷா வருஷம் பெரிய மாநாடு, இளம் டாக்டர்களுக்கு ஃபெலோஷிப், முதுநிலை மாணவர்களுக்கு வகுப்பு, ஆகஸ்ட் 4 அன்று எலும்பு மூட்டு தினம். முதுகெலும்பு, குழந்தைகள் எலும்பு, மூட்டு மாற்று, ஆர்த்ரோஸ்கோபி (மூட்டுக்குள் டியூப் விட்டுப் பார்ப்பது) என்று தனித்தனிச் சங்கங்களும் இருக்கின்றன. நான் எம்.எஸ். படித்த காலத்தில் எங்கள் கல்லூரியில் ஒரே மாதிரி எலும்பு முறிவுக்கு ஒரே மாதிரி பிளேட்தான் வைப்பார்கள். வேறு வழி உண்டு என்பதை நான் பார்த்தது சங்கத்தின் பயிற்சிப் பட்டறையில், மாதிரி எலும்பில் துளை போட்டுப் பழகியபோது. இதெல்லாம் நோயாளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடுத்த நாள் ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருப்பவருக்கு அதனால் வித்தியாசம் உண்டு.

உங்கள் கேள்வியின் கனமான பகுதி அந்த மூன்று யோசனை. அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை, இரவு எழுதுகிறேன்.

கொங்கு_சரவணம்பட்டி எழுதியது:

டாக்டர் சார் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார், நன்றி. ஆனால் சொன்ன பட்டியல் முழுக்க டாக்டர்களுக்கு டாக்டர்கள் செய்துகொள்வதுதானே? வக்கீல் சங்கம், வணிகர் சங்கம் மாதிரி இதுவும் தொழில் செய்கிறவர்களுடைய நலச் சங்கம் என்று சொல்லிவிட்டால் நாம் எதிர்பார்க்கவே வேண்டாம்.

நான் மருத்துவக் கருவி விற்பனையில் கொஞ்ச காலம் இருந்தவன். மாநாட்டுச் செலவில் எவ்வளவு ஸ்டால் வாடகையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இம்ப்ளான்ட் (உடம்புக்குள் வைக்கும் மூட்டு, பிளேட்) கம்பெனி பந்தல் இல்லாமல் ஒரு மாநாடு நடக்குமா? 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதிமுறை கொண்டுவந்தது, மருந்து கம்பெனி நிதியில் நடக்கும் கருத்தரங்குக்கு டாக்டர்கள் போகக்கூடாது என்று. டாக்டர்கள் சங்கங்கள் கொடுத்த குரலில் அந்த மாதத்துக்குள்ளேயே அதை நிறுத்திவைத்தார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு கம்பெனிகளுக்கென்று ஒரு நடத்தைக் குறியீடு போட்டது, வெளிநாட்டுப் பயணம், ஹோட்டல், விமான டிக்கெட் தரக்கூடாது என்று. அதுவும் கம்பெனியைத்தான் கட்டுப்படுத்துகிறது.

அமெரிக்காவில் 2007-ல் இடுப்பு, முழங்கால் மூட்டு தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் சர்ஜன்களுக்கு ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் பணம் கொடுத்த வழக்கில் 31 கோடி டாலருக்கு மேல் கட்டித்தான் வெளியே வந்தன. இன்றைக்கு அங்கே எந்த டாக்டருக்கு எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இங்கே அப்படி ஒரு பட்டியலைச் சங்கமே வெளியிடட்டும், சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் நம்புகிறேன்.

மெல்பர்ன்_பிசியோ எழுதியது:

கொங்கு அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சங்கம் என்றாலே டாக்டர்கள் நலத்துக்குத்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நான் வேலை பார்க்கும் நாட்டில் ஒரு எலும்பு மருத்துவர் சங்கம் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலிய ஆர்த்தோபீடிக் அசோசியேஷன் 1936-ல் தொடங்கியது. இவர்கள் 1999 செப்டம்பரில் மூட்டு மாற்றுக்கு ஒரு தேசியப் பதிவேடு ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு மாநிலம், 2002 வாக்கில் நாடு முழுக்க. தொடங்கியது அரசாங்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள், சர்ஜன்கள் சங்கம் நடத்துகிறது. யோசனை சுவீடனிலிருந்து வந்தது, அங்கே முழங்காலுக்கு 1975 முதலும் இடுப்புக்கு 1979 முதலும் பதிவேடு இருக்கிறது.

வேலை செய்யும் முறை ரொம்ப எளிது. ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டரிலேயே ஒரு படிவம்: யார், எந்தப் பக்கம், என்ன காரணம், எந்த மூட்டு, அதன் எண், யார் செய்தார். பிற்பாடு அதே ஆளுக்கு அதே மூட்டைத் திரும்பத் திறந்து மாற்ற வேண்டி வந்தால் அதுவும் ஒரு படிவம், எந்த ஊர் மருத்துவமனையில் செய்தாலும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மூட்டு எவ்வளவு காலம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். நோயாளி வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். சேரும்படி மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் கிட்டத்தட்ட எல்லா மருத்துவமனையும் அனுப்புகிறது. வருஷா வருஷம் அறிக்கை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கெட்டுப்போகும் மூட்டுகளை மாடல் பெயரோடு அச்சடிக்கிறார்கள்.

இதனால் என்ன நடந்தது என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் டிப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் வகை. தேய்ந்து கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்தது, சுற்றியிருக்கும் சதை கெட்டது. ஆஸ்திரேலியப் பதிவேடு அதை முன்னாலேயே சுட்டிக்காட்டியது, 2009 டிசம்பரில் இங்கே அது சந்தையை விட்டுப் போனது. உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். அதற்குள் சுமார் 93,000 பேர் உடம்பில் அது ஏறியிருந்தது. பிரிட்டன் பதிவேட்டுக் கணக்கில் ஐந்து வருஷத்துக்குள் எட்டு பேரில் ஒருவருக்கு மறு ஆபரேஷன்.

எண்ணி வைத்திருந்ததால்தான் பிடிபட்டது. ஒரு சர்ஜன் தன் கையால் வைத்த சில டஜன் மூட்டுகளில் நாலு கெட்டுப்போனால் தன் கை சரியில்லையோ, நோயாளி எலும்பு சரியில்லையோ என்றுதான் நினைப்பார். பொருளில் கோளாறு என்று ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதைச் செய்யக்கூடிய இடங்களில் ஒன்று தேசிய அளவிலான சங்கம்.

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

மெல்பர்ன் தம்பி சொன்ன படிவத்துக்கு வேண்டியதெல்லாம் நம் ஊர்த் தியேட்டரிலும் இருக்கிறது. நான் பல வருஷம் ஆர்த்தோ தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸ், அதாவது சர்ஜன் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவள்.

முழங்கால் மூட்டு என்பது ஒரே பொருள் இல்லை. தொடை எலும்பு முனைக்கு ஒரு உலோகத் தொப்பி, கீழே கணைக்கால் எலும்புக்கு ஒரு தட்டு, நடுவில் பிளாஸ்டிக், சிலருக்கு முட்டிச் சில்லுக்கும் ஒரு வில்லை. ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில் வரும். அளவு முடிவானதும் சர்ஜன் சொல்ல, வெளி நர்ஸ் பெட்டியைக் காட்டி அளவையும் இடமா வலமா என்பதையும் சத்தமாக வாசிப்பார். அதற்கு அப்புறம்தான் உறை பிரிப்போம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாலைந்து ஸ்டிக்கர், அதில் கம்பெனி, மாடல், அளவு, லாட் நம்பர், காலாவதி தேதி. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம், ஒன்று தியேட்டர் ரெஜிஸ்டரில், ஒன்று பில்லுக்கு. எலும்பு சிமென்டுக்குக்கூட ஸ்டிக்கர் உண்டு. மிச்சம் இருப்பதைப் பல இடங்களில் குப்பையில் போட்டுவிடுவார்கள், அல்லது கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி (ரெப்) கணக்குக்காக எடுத்துக்கொண்டு போவார்.

அந்த மிச்ச ஸ்டிக்கரை நோயாளி கையில் கொடுத்தால் போதும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பதைப் பழக்கமாகவே வைத்திருந்தோம். இன்னொரு இடத்தில் பழைய கேஸ் ஷீட் கட்டுகளை மாடியில் போட்டு, மழைக்கு நனைந்து, ஒரு நோயாளி திரும்பி வந்தபோது உள்ளே இருப்பது எந்த மாடல் என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரேயை நாலு கம்பெனி ரெப்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கண்டுபிடித்தார்கள். எந்தக் கம்பெனி என்று தெரியாமல் திறந்தால் கழற்றும் கருவியும் பொருந்தாது, மாற்று பிளாஸ்டிக்கும் பொருந்தாது. ஆகவே இது வெறும் காகித வேலை இல்லை, அந்த அம்மா இன்னும் எவ்வளவு நேரம் மயக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்திருக்கிறது.

அப்புறம், சட்ட அதிகாரம் இல்லாத சங்கத்தால் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜனே வந்து எந்தக் கால் என்று மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போடுகிறார் இல்லையா, அதை நாடு தழுவிய இயக்கமாக 1998-ல் முன்னெடுத்தது அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கம். மாற்றுக் காலில் கத்தி வைக்கும் தவறைத் தடுப்பதற்காக. கனடா சங்கம் அதற்கும் முன்னால் 1994-ல் தொடங்கியிருந்தது. 2004-ல் அமெரிக்காவில் மருத்துவமனை அங்கீகாரத்துக்கே அது கட்டாய விதி ஆனது, 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலும் வந்தது. இன்றைக்கு நம் அரசு ஆஸ்பத்திரித் தியேட்டரிலும் கேட்கிறோம். முதலில் சொன்னது ஒரு சங்கம்தான்.

மதுரை ஆர்த்தோ எழுதியது:

சிஸ்டர் எழுதியதை எங்கள் முதுநிலை மாணவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்தியாவில் பதிவேடே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இடுப்பு, முழங்கால் சர்ஜன்களின் தனிச் சங்கம் 2006 வாக்கிலேயே ஒன்றைத் தொடங்கியது. விருப்பப்பட்டவர்கள் அனுப்பலாம். விருப்பப்பட்டவர்கள் என்கிற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது. பெரிய நகர மருத்துவமனைகள், கணக்கெழுத ஆள் வைத்திருப்பவர்கள் அனுப்புகிறார்கள். தேனியிலோ காரைக்குடியிலோ முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் செய்யும் மூட்டு அந்தக் கணக்கில் வருவது அரிது. அதைவிட முக்கியம், மறு ஆபரேஷன் கணக்கு வருவதில்லை. என்னிடம் மூட்டு வைத்துக்கொண்டவருக்குச் சிக்கல் வந்தால் என்னிடம் திரும்பி வருவாரா? கோபத்தில் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடுவார். என் கணக்கில் அவர் என்றைக்கும் நன்றாக நடந்துகொண்டே இருப்பார். நாடு முழுக்க ஒரே பதிவேடு இருந்தால் மட்டும்தான் என் தவறு என் கண்ணுக்கே தெரியும்.

ஏ.எஸ்.ஆர். விஷயம் நம் நாட்டில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். இங்கே சுமார் 4,700 ஆபரேஷன் நடந்ததாக மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு அறிக்கை சொன்னது. அதில் உதவி மையத்தில் பதிவானது ஆயிரத்துச் சொச்சம். மீதி சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2018-ல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்கு அரசு ஒரு வாய்ப்பாடு வகுத்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே! ஒரு கார் கம்பெனி பிரேக்கில் கோளாறு என்றால் சேசிஸ் எண்ணை வைத்து வீட்டுக்குக் கடிதம் போடுகிறது. இடுப்புக்குள் இருக்கும் உலோகத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை.

டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. முதல் பயம் கோர்ட். பதிவேட்டில் நான் எழுதிய வரியை என் மேலேயே சாட்சியாகக் கொண்டுவருவார்களா? ஆஸ்திரேலியாவில் அந்தத் தரவுக்கு மத்திய சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, வழக்குக்குத் தோண்டி எடுக்க முடியாது. ஒவ்வொரு சர்ஜனும் தன் கணக்கைத் தான் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பயம் ஒப்பீடு. முடக்குவாத நோயாளி, கோணலாகிப்போன கால், ஏற்கனவே சீழ் பிடித்த மூட்டு என்று கஷ்டமான கேஸ்களை எடுக்கிறவருக்கு எண்ணிக்கை மோசமாகத்தான் வரும். அதைச் சரிக்கட்டிக் கணக்குப் போடத் தெரிந்த புள்ளியியல் ஆட்கள் வேண்டும். இந்த இரண்டையும் தனி டாக்டரால் அரசிடம் கேட்டு வாங்க முடியாது. பத்தாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள தேசியச் சங்கம் கேட்டால் டெல்லி காது கொடுக்கும். என்னைக் கேட்டால், சங்கம் ஒரே ஒரு காரியத்துக்குத் தன் முழு பலத்தையும் செலவழிக்க வேண்டும் என்றால் அது இதுதான்.

வாசிப்பவள் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்கு முதல் கேள்வியின் மூன்று யோசனையில்தான் மனம் நிற்கிறது. ஜெல் ஊசி பற்றிச் சங்கங்கள் ஏதும் சொல்லியிருக்கின்றனவா? என் கணவருக்குப் போட்டார்கள், ஒரு ஊசி ஆயிரக்கணக்கில் ஆயிற்று. வலி குறைந்ததா, ஊசியோடு சொன்ன நடைப்பயிற்சியால் குறைந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மெல்பர்ன்_பிசியோ எழுதியது:

டீச்சர், சொல்லியிருக்கின்றன. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட முழங்கால் தேய்மான வழிகாட்டியில் அந்த ஊசியைப் பரிந்துரைக்க முடியாது என்று அழுத்தமாகவே எழுதினார்கள். 2021 பதிப்பில் வழக்கமாக எல்லோருக்கும் போடுவதற்குப் பரிந்துரை இல்லை என்றார்கள். இன்னொரு பக்கம், தேய்மான ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 2019-ல் முழங்காலுக்கு மட்டும் நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. ஆகவே ஜெல் ஊசி சொன்ன டாக்டர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது, ஆனால் சான்று பலவீனம் என்பதை அவர் நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். எடை குறைப்பு, பயிற்சி இரண்டுக்கும் எல்லா வழிகாட்டியும் ஒரே குரலில் ஆதரவு. தேய்மானத்துக்காக மட்டும் டியூப் விட்டு மூட்டைக் கழுவுவதற்கு ஆதரவு இல்லை.

மதுரை ஆர்த்தோ எழுதியது:

இதில் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க வழிகாட்டியை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. நம் நோயாளி தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார், கோயிலில் மண்டியிடுகிறார், தொழுகையில் காலை மடக்கி உட்காருகிறார், வயலில் குத்தவைத்துக் களை எடுக்கிறார். முழங்கால் 90 பாகை மடங்கினால் வெற்றி என்று வெளிநாட்டு ஆய்வு சொன்னால், இங்கே அந்த அம்மா "கீழே உட்கார முடியலையே டாக்டர்" என்பார். ஆபரேஷன் எந்தக் கட்டத்தில், யாருக்கு என்று நம் ஆட்களின் தரவை வைத்து நம் சங்கம் தமிழ் உட்பட எல்லா மொழியிலும் எளிய வழிகாட்டி போட வேண்டும். அப்படி ஒன்று கிளினிக் சுவரில் இருந்தால் மூன்று டாக்டர்களும் மூன்று விதமாகச் சொன்னாலும், ஏன் வித்தியாசம் என்று பொருநைக்கரை அங்கேயே கேட்டிருப்பார். கருத்து வேறுபாடு இருக்கட்டும், காரணம் வெளியே தெரியட்டும்.

ராஜபாளையம்_மணி எழுதியது:

எல்லோரும் முழங்காலிலேயே நிற்கிறீர்கள். மூட்டு மாற்று வசதி உள்ளவர்கள் பிரச்சினை என்று சொல்லவில்லை, இப்போது காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள், 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்ததில் பரவலாகப் பயன்படும் முழங்கால் மூட்டு சராசரி 1.58 லட்சத்திலிருந்து 54,720 ரூபாய்க்கு (வரி தனி) வந்தது, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் எலும்பு டாக்டரிடம் அதிகம் வருவது யார்? பைக்கில் அடிபட்டவன்.

2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,000-க்கு மேல். செத்தவர்கள் கணக்கு இருக்கிறது. கால் போனவர்கள், கை மடங்காமல் போனவர்கள், ஒரு வருஷம் வேலைக்குப் போக முடியாமல் கடனில் விழுந்தவர்கள் கணக்கு எங்கே இருக்கிறது? நான் 108-ல் வேலை பார்த்தவன். எலும்பு வெளியே தெரியும் காயத்தோடு ஏற்றிக்கொண்டு போவோம். முதல் மருத்துவமனையில் கழுவித் துணி சுற்றி அடுத்த இடத்துக்கு அனுப்புவார்கள், அங்கே பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை என்று அடுத்த இடம். 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது, அதனால் பணத்துக்காக நிற்பது குறைந்தது. ஆனால் எந்தக் காயத்தை எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற வரைமுறை இன்னும் தேவை.

பிரிட்டனில் திறந்த எலும்பு முறிவு வந்தால் எலும்பு சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து எங்கே, எத்தனை மணிக்குள் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சங்கமே ஒரே பக்கத்தில் விதி எழுதி வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம்மிடம் அறிவு இல்லாமல் இல்லை. கோவை கங்கா மருத்துவமனையில் உருவாக்கிய மதிப்பெண் முறை ஒன்று, காலைக் காப்பாற்றலாமா எடுக்க வேண்டுமா என்று தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டு முடிவு செய்வது, உலகப் பத்திரிகைகளில் வந்து வெளிநாட்டிலும் பேசப்படுகிறது. அதை விருதுநகர் மாவட்டத் தலைமை மருத்துவமனை டூட்டி டாக்டர் வரைக்கும் கொண்டுவருவது சங்கத்தின் வேலை இல்லையா?

இன்னொன்று, கட்டுப் போடுகிறவர்கள். புத்தூர்க் கட்டு, நாட்டுக் கட்டு என்று ஜனங்கள் போகத்தான் போகிறார்கள், செலவு குறைவு, பக்கத்தில் இருக்கிறது. மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்துப்போன பிள்ளையை நான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவர்களைத் திட்டினால் நோயாளி அவர்களிடம் போவது நிற்காது. விரல் நுனி வெளுத்தால், மரத்துப்போனால், வீக்கம் கூடி வலி தாங்க முடியாமல் போனால் உடனே கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்ற ஒரு பாடத்தை மாவட்டம் மாவட்டமாக அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லலாம்.

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

மணி சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. வயதானவர்கள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறதே, அதில் பிரிட்டன் சங்கம் செய்தது பெரிய காரியம். 1918-ல் தொடங்கிய பழைய சங்கம் அது. 2007-ல் முதியோர் மருத்துவர் சங்கத்தோடு கைகோத்து இடுப்பு முறிவுக்கு மட்டும் ஒரு தேசியத் தரவுத்தளம் தொடங்கினார்கள். 2010-ல் அரசு, 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவர் பார்வை போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றும் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் என்றது. முப்பது நாளுக்குள் இறப்பவர்கள் 2007-ல் நூற்றுக்குச் சுமார் 11, 2011-ல் எட்டரை. புது மருந்து, புதுக் கருவி ஏதும் இல்லை, காக்கவைக்காமல் செய்ததுதான். இங்கே ஆபரேஷனுக்கு உடம்பு தாங்கும் என்ற சான்று (ஃபிட்னஸ்) வாங்க ஒரு நாள், காப்பீட்டு ஒப்புதலுக்கு ஒரு நாள், ரத்தம் கொடுக்க ஆள் தேட ஒரு நாள் என்று பாட்டி இழுவைக் கட்டோடு படுத்திருப்பாள், முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும், நெஞ்சில் சளி கட்டிவிடும்.

கொங்கு_சரவணம்பட்டி எழுதியது:

சரி, இழையை முழுக்கப் படித்தேன். சங்கம் எதையும் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. காசு எங்கிருந்து வரும்? பதிவேடு நடத்த கம்பெனிகளிடம் கைநீட்டினால் மறுபடியும் அதே கதை.

மெல்பர்ன்_பிசியோ எழுதியது:

இங்கே காசு கம்பெனிகளிடமிருந்துதான் வருகிறது, ஆனால் நன்கொடையாக இல்லை. மத்திய அரசு சட்டம் போட்டு மூட்டு விற்கும் கம்பெனிகளிடம் தீர்வை வசூலித்துப் பதிவேட்டுக்குத் தருகிறது. கம்பெனி கோபித்துக்கொண்டு நிறுத்த முடியாது.

மதுரை ஆர்த்தோ எழுதியது:

இது உருப்படியான வழி. நம் நாட்டில் 2015 முதல் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதியும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, நோயாளியே நேரடியாகவும் தெரிவிக்கலாம், ஆனால் அதைப் பற்றி வார்டில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பதிவேட்டை அதோடு இணைத்துத் தீர்வையும் கேட்கலாம்.

மாநிலக் கிளையின் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாரம் இவ்வளவுதான்: மூட்டு மாற்று செய்யும் ஒவ்வொரு உறுப்பினரும் ஸ்டிக்கரை நோயாளிக்குக் கொடுப்பது கட்டாயம், கொடுக்காதவர் சங்க மேடையில் பேசவோ பயிற்சி நடத்தவோ கூடாது. மேடையில் பேசுகிறவர் எந்தக் கம்பெனியிடமிருந்து எவ்வளவு பெற்றார் என்பது நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாக வேண்டும், கொங்கு சார் கேட்டதற்காகவே சேர்த்தேன். மாநில அளவில் முதலில் நாலு மாவட்டத்தில் பதிவேடு, அதற்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு அரசுக்கு மனு. எதிர்ப்பு வரும் என்று தெரியும். இரண்டாவது அம்சத்துக்குத்தான் அதிகமாக வரும்.

சிஸ்டர், அந்த ஒரு பக்கப் படிவத்தை நீங்கள் எழுதித் தர முடியுமா? நாங்கள் எழுதினால் நாலு பக்கம் ஆகிவிடும், தியேட்டரில் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

பொருநைக்கரை எழுதியது:

டாக்டர், எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இப்போதைக்குப் பயிற்சியும் எடை குறைப்பும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆபரேஷன் என்று வந்தால் எந்த மாடல், ஏன் அது, ஸ்டிக்கர் தருவீர்களா என்று மூன்றையும் கேட்டுவிடுவேன். தீர்மானத்துக்குப் பொதுமக்கள் கையெழுத்து உதவும் என்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவிலேயே மூட்டு மாற்றியவர்கள் பல பேர் இருக்கிறார்கள், ஒருவரிடமும் மாடல் பெயர் இல்லை.

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

எழுதித் தருகிறேன் டாக்டர், இந்த வாரக் கடைசிக்குள். பெயர், வயது, பக்கம், காரணம், ஸ்டிக்கர் ஒட்ட நாலு கட்டம், சர்ஜன் கையெழுத்து, அவ்வளவுதான். ஃபோன் நம்பருக்கு மட்டும் இரண்டு கட்டம் வைக்கிறேன், ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று மகன் அல்லது மகளுடையது. பத்து வருஷம் கழித்துத் தேடினால் பாட்டியின் நம்பர் வேறு யாரிடமோ இருக்கும்.